உன் அண்ணன் அடைக்காத ஓட்டைகள்

பிப்ரவரி 3

அன்புள்ள பாப்பாவுக்கு,

அண்ணி எழுதுகிறேன். என் முட்டியைத் தவிர மற்ற உறுப்புகள் எல்லாம் சொன்ன பேச்சைக் கேட்கின்றன. உன் சர்க்கரை எப்படி இருக்கிறது? அறுபதைத் தொடப்போகிறவளைப் பாப்பா என்று கூப்பிட எனக்கே சிரிப்பு வருகிறது. ஆனால் உன் அண்ணன் வைத்த பெயர், அவரே போன பிறகு அதை மாற்ற நான் யார்?

வீட்டுக்குள் சுண்டெலி வந்துவிட்டது. ஒன்றிரண்டு அல்ல, குஞ்சு குளுவானோடு குடும்பமாகவே வந்துவிட்டது. பருப்பு டப்பா மூடியைக் கொறித்தாயிற்று. அலமாரியில் மடித்து வைத்திருந்த என் பழைய கண்டக்டர் சட்டையின் காலரைத் தின்றாயிற்று. மிச்ச சட்டையையாவது விட்டதே என்று சந்தோஷப்பட்டேன், மறுநாள் கையையும் காணோம்.

குற்றவாளி யார் தெரியுமா? உன் அண்ணன்தான். ஊரெல்லாம் குழாய் வேலை பார்த்தார். அவர் கை பட்டால் ஒரு சொட்டு ஒழுகாது என்று பெயர் வாங்கினார். சொந்த வீட்டில் என்ன செய்தார்? ஒரு அங்குலக் குழாய்க்கு மூன்று அங்குல ஓட்டை போட்டுக் குழாயைச் செருகினார். சுற்றியிருந்த இடைவெளியை "நாளைக்குப் பூசிடலாம்" என்று விட்டார். முப்பத்தோரு வருஷம் நாளைக்கு நாளைக்கு என்றே சொல்லிவிட்டுப் போய்ச் சேர்ந்துவிட்டார். அந்தச் சந்து வழியாகத்தான் இவை ராஜநடை போட்டு வருகின்றன.

போன ஞாயிற்றுக்கிழமை என் பையன் வந்திருந்தான். காலைச் செருப்பில் நுழைக்கப் போனான், உள்ளேயிருந்து ஒன்று குதித்தது. அவ்வளவுதான், பிடித்துக்கொண்டான்.

"அம்மா, போதும். அப்பா போய் ஒண்ணரை வருஷமாச்சு. இந்த ஓட்டை வீட்டுல எதுக்குத் தனியா கிடக்கிற? பூட்டிட்டு எங்களோட வந்துடு."

"எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தச் சொல்றியா?" என்றேன்.

"உன்னால இதுகளை ஒழிக்க முடியாதும்மா."

முடியாது என்கிறான். இருபத்தெட்டு வருஷம் நெரிசல் பஸ்ஸில் படியில் தொங்கிக்கொண்டு விசில் ஊதினவளிடம்! என் வாய் சும்மா இருக்குமா? "மே மாசம் முப்பத்தொண்ணுக்குள்ள இந்த வீட்டுல ஒரு எலி மிச்சம் இருந்தா, என் பெட்டியை நானே கட்டிக்கிட்டு உன் வீட்டுக்கு வர்றேன். இல்லைன்னா இந்தப் பேச்சை நீ ஜென்மத்துக்கும் எடுக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டேன். அவனும் கையில் அடித்து ஒப்புக்கொண்டான். சொன்ன சொல் மாறுகிற பழக்கம் எனக்கு இல்லை என்பது அவனுக்கும் தெரியும். அதுதான் இப்போது சிக்கல்.

அது இருக்கட்டும். கடிதத்தை வீட்டுக்கு அனுப்ப வேண்டாம், கீழே இருக்கும் மருந்துக்கடைக்கு அனுப்புங்கள் என்று எழுதியிருக்கிறாயே, ஏன்?

உன் அண்ணி

*

பிப்ரவரி 19

மரியாதைக்குரிய அண்ணிக்கு,

பாப்பா வணக்கத்துடன் எழுதுவது. சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. தங்கள் முட்டிக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கவும்.

மேற்படி எலிகள் விஷயம் அறிந்தேன். மேற்படி என்றதும் சிரிப்பீர்கள். கோர்ட்டில் முப்பது வருஷம் பிறத்தியார் மனுவை டைப் அடித்த கை, வேறு மாதிரி வரமாட்டேன் என்கிறது.

அண்ணன் மீது தாங்கள் சாட்டியிருக்கும் குற்றத்தை அடியோடு மறுக்கிறேன். ஊருக்கு உழைத்த மனுஷனுக்குச் சொந்த வீட்டைப் பார்க்க நேரம் ஏது? செத்தவர் எழுந்து வந்து எதிர்வாதம் செய்ய மாட்டார் என்ற தைரியத்தில் பேசுகிறீர்கள். அவர் சார்பில் நான் ஆஜராகிறேன்.

ஆனால் இந்தப் பந்தயம் எதற்கு அண்ணி? பிள்ளையோடு போய் இருந்தால் என்ன குறைந்துவிடும்? என்னையே பாருங்கள், என் பிள்ளை வீட்டில் எனக்கு ஒரு வேலையும் இல்லை. சமையலறைப் பக்கம் போகவே வேண்டாம். மருமகள் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஓர் இடம் வைத்திருக்கிறாள், அது மாறினால்தான் அவளுக்குப் பிடிக்காது. கூடத்தில் சோபாவில் படுத்துக்கொள்கிறேன். காற்று அங்கேதான் நன்றாக வருகிறது. டி.வி.யை அவர்கள் அணைத்ததும் தூங்கிவிடுவேன். இதைவிட என்ன வேண்டும்?

மருந்துக்கடை விலாசம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். தபால்காரர் மூன்று மாடி ஏறக் கஷ்டப்படுகிறார், வேறொன்றும் இல்லை. போனும் வேண்டாம். இங்கே நடுக்கூடத்தில் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார்கள். தங்களுக்கோ விசில் ஊதி ஊதி வலது காது மந்தம். எழுத்தே மேல்.

யோசித்து நல்ல முடிவு எடுக்கவும்.

தங்கள் பாப்பா

*

மார்ச் 4

பாப்பாவுக்கு,

ஒத்தடம் கொடுத்தேன், முட்டிக்குக் கொஞ்சம் வெட்கம் வந்திருக்கிறது. நீ மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாயா?

வக்கீலம்மா, உன் கட்சிக்காரர் குற்றவாளிதான். நேற்று எண்ணினேன். பதினாலு ஓட்டை. சமையலறையில் மட்டும் ஐந்து.

கூண்டுப் பொறி ஒன்று வாங்கினேன். கடைக்காரர் உள்ளே ரொட்டி வைக்கச் சொன்னார். மூன்று நாள் ரொட்டியைப் பத்திரமாகத் தின்றுவிட்டு வெளியே போய்விட்டன. அப்புறம் வேர்க்கடலையை நூலில் கட்டி வைத்தேன். இழுக்காமல் தின்ன முடியாது, இழுத்தால் கதவு விழும். விடிந்ததும் பார்த்தால் ஐயா உள்ளே உட்கார்ந்து மீசையைத் துடைத்துக்கொண்டிருக்கிறார்.

கொல்ல மனசு வரவில்லை. உன் அண்ணன் குழாய் மரையில் பூசும் சிவப்புச் சாயம் பரணில் இருந்தது, வாலில் ஒரு தீற்று தீற்றினேன். நாலு தெரு தள்ளி இருக்கும் மைதானத்தில் கொண்டுபோய் விட்டேன். மூன்றாம் நாள் அடுப்பு மேடையில் சிவப்பு வாலோடு நின்று என்னைப் பார்க்கிறது! எனக்கு வந்த கோபத்தில் கரண்டியை வீசினேன். கரண்டிதான் வளைந்தது.

மறுபடி பிடித்தேன். இந்தத் தடவை பஸ்ஸில் ஏறிவிட்டேன். கண்டக்டர் என்னிடம் வேலை பழகின பெண். பையைப் பார்த்துவிட்டு, "அக்கா, இதுக்கு டிக்கெட் உண்டா?" என்றாள். "மடியில வச்சிருக்கேன்ல, வேணாம்" என்றேன். கடைசி நிறுத்தத்தில் கூண்டைத் திறந்து, "எறங்கு, எறங்கு, வண்டி இதுக்கு மேல போகாது" என்றேன். இறங்கிப் போய்விட்டது. இதுவரை ஐந்து பேரை இப்படி வழியனுப்பியிருக்கிறேன்.

பிள்ளையோடு போய் இரு என்று எழுதியிருக்கிறாய். எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்று சும்மாவா சொன்னார்கள்? என் வளைக்குள் எலி புகுந்தது வேறு விஷயம். நான் போகமாட்டேன். என் பையன் நல்லவன், மருமகளும் நல்லவள். நல்லவர்கள் வீட்டிலும் நான் விருந்தாளிதானே.

உன் அண்ணி

*

மார்ச் 27

அண்ணிக்கு,

வணக்கம். தாமதத்துக்கு மன்னிக்கவும். மருமகளின் தங்கை குடும்பம் பத்து நாள் தங்கியிருந்தது. கூடத்தில் அவர்கள் படுத்ததால் நான் பால்கனியில் படுத்துக்கொண்டேன். கொஞ்சம் சளி, வேறொன்றுமில்லை.

சிவப்பு வால் கதையை மருந்துக்கடை பெஞ்சில் உட்கார்ந்து படித்தேன். கடைக்காரர், "என்னம்மா, மருந்து வாங்காமலேயே முகம் தெளிஞ்சிருக்கு" என்றார்.

இருந்தாலும் இந்த வயதில் கூண்டைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் அலைவது நன்றாக இல்லை. பார்ப்பவர்கள் என்ன நினைப்பார்கள்? தங்கள் நன்மைக்காகவே சொல்கிறேன். மே மாதம் வரை காத்திருக்காமல் இப்போதே ஒப்புக்கொண்டால் கௌரவமாக இருக்கும்.

அடுத்த கடிதத்தில் விவரமாக எழுதவும்.

பாப்பா

*

ஏப்ரல் 9

அன்புள்ள பாப்பாவுக்கு,

சளி போயிற்றா? பால்கனியில் படுக்க உனக்கென்ன தலையெழுத்து, வந்தவர்களை அங்கே படுக்கச் சொல்லக் கூடாதா?

சுபச் செய்தி. பதினாலு ஓட்டையையும் நானே அடைத்துவிட்டேன்! கொத்தனாரைக் கூப்பிட்டால் "இதுக்கெல்லாம் வர முடியாதும்மா" என்றார். சரி போ என்று சிமெண்டு மூட்டையை நானே உருட்டிக்கொண்டு வந்தேன். எலி சிமெண்டைக்கூடச் சுரண்டிவிடுமாம், அதனால் முதலில் பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரைத் திணித்து, அதன் மேல் பூச்சு. கம்பி நாரில் பல் வைத்தால் கூசும், விட்டுவிடும். உன் அண்ணனின் பூச்சுக் கரண்டி, உளி, மட்டப்பலகை எல்லாம் என் கைக்குப் பழகிவிட்டன. முதல் நாலு ஓட்டைகள் அம்மை வந்த முகம் மாதிரி இருக்கின்றன. ஐந்தாவதிலிருந்து கை படிந்துவிட்டது.

ஒவ்வொரு ஓட்டையிலும் உன் அண்ணனை நிற்கவைத்துக் கேட்டேன். "இது ஏன் பூசலை? இது பையன் பிறந்த வருஷம், சரி விடுறேன். இது? மழைன்னு சொன்னீங்க. எத்தனை வருஷம்யா மழை?" என்று சத்தம் போட்டே கேட்டேன். பக்கத்து வீட்டில் யாருமில்லை, நல்லவேளை.

சமையல் தொட்டிக்குக் கீழே உள்ளதுதான் பெரிய ஓட்டை. கையை விட்டால் துணி வந்தது. இழுத்தேன். அவருடைய நீல வேலைச் சட்டை. ஒரு கையைக் கிழித்துத் தற்காலிகமாக அடைத்து வைத்திருக்கிறார் மகராசன். பித்தான் கூட அப்படியே இருந்தது. தரையில் உட்கார்ந்து அழுதுவிட்டேன் பாப்பா. அப்புறம் அழுதுகொண்டே திட்டினேன். அவரோடு சண்டை போட்டு ஒன்றரை வருஷமாகிவிட்டது. எவ்வளவு சுகமாக இருந்தது தெரியுமா! திட்டி முடித்து, மூக்கைச் சிந்திவிட்டு, அதையும் பூசி மூடினேன்.

இதை யாரிடமும் சொல்லிக்கொண்டிருக்க முடியாது. உனக்கு மட்டும்தான் எழுதுகிறேன்.

உன் அண்ணி

*

ஏப்ரல் 24

பாப்பாவுக்கு,

நலமா? உன் பதில் வரவில்லை. எனக்கு எழுதாமல் இருக்க முடியவில்லை.

நான் ஒரு மடச்சி. வெளியிலிருந்து எலி வரும் வழியை எல்லாம் அடைத்தேனே, உள்ளே எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று பார்த்தேனா? இருபத்தெட்டு வருஷம் உள்ளே இருக்கிற தலையை எண்ணாமல் விசில் ஊதாதவள், வீட்டில் எண்ணாமலேயே கதவைச் சாத்திவிட்டேன். போக வழியில்லாமல் எல்லாம் என்னோடு மாட்டிக்கொண்டன. பகலிலேயே ஓடுகின்றன. தலையணை உறையைக் கிழித்தன, சோப்பைத் தின்றன, காலண்டரில் ஏப்ரல் மாதத்தையே தின்றுவிட்டன.

சரியாக அந்த நேரம் பார்த்துப் பையன், மருமகளோடு வந்து நிற்கிறான். சொல்லாமல் கொள்ளாமல். மருமகள் நாற்காலி மேல் ஏறி நின்றுவிட்டாள், பாவம். அதற்கு நான் கோபப்படவில்லை. அவன் பேசின பேச்சுதான்.

"நாப்பது எலி இருக்காமே? சிவப்பு சாயம் பூசி பஸ்ஸுல கூட்டிட்டுப் போறியாமே?" என்றான். நான் சிரிக்கப் போனேன். அவன் சிரிக்கவில்லை. என் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டு, காய்ச்சல்காரியிடம் பேசுகிற மாதிரி மெதுவாகக் கேட்டான்.

"அம்மா, சுவத்துல அப்பா இருக்கார்னு பேசிட்டிருக்கியாமே? எத்தனை நாளா இப்படி இருக்கு?"

ஜூன் ஒன்றாம் தேதி வீட்டைப் பார்த்து வாடகைக்குக் குடிவர ஓர் ஆளிடம் பேசிவிட்டானாம். மே முப்பத்தொன்றில் தன் காரிலேயே வந்து என்னைக் கூட்டிப்போகிறானாம். டாக்டர் ஒருவரையும் பார்த்து வைத்திருக்கிறானாம். அவன் கண்ணில் தண்ணீர் நின்றது பாப்பா. நிஜமாகவே எனக்குப் புத்தி பேதலித்துவிட்டதாக நம்புகிறான்.

நாற்பது என்று நான் யாரிடமும் சொல்லவில்லை. சுவரோடு பேசினதை ஒரே ஓர் ஆளுக்குத்தான் எழுதினேன்.

பதில் எழுது.

அண்ணி

*

மே 9

பாப்பாவுக்கு,

சுகம். உன் சுகம் தெரியவில்லை.

உன் பதில்தான் வரவில்லை, எலி வந்துகொண்டிருக்கிறது. சாப்பாட்டுச் சாமான் அத்தனையையும் எவர்சில்வர் டப்பாவுக்குள் போட்டு மூடிவிட்டேன். ஒரு பொட்டுப் பருக்கை கிடையாது. பிறகு குளியலறைத் தண்ணீர்க் குழாய் ஓட்டையை மட்டும் உளியால் உடைத்துத் திறந்தேன். நான் பூசியதை நானே உடைக்க மணிக்கட்டு வீங்கிவிட்டது, அவ்வளவு நன்றாகப் பூசியிருக்கிறேன். வெளிப்பக்கம் ஓட்டையோடு ஒட்டிக் கூண்டின் வாயை வைத்தேன், உள்ளே கடலை. பசித்த எலிக்கு வேறு வழியில்லை. பதினோரு பேர் இறங்கியாயிற்று.

இன்னும் எத்தனை என்று தெரியாது. இருபத்திரண்டு நாள் இருக்கிறது. பைத்தியம் என்று பெயர் வாங்கிக்கொண்டு நான் இந்த வீட்டை விட்டுப் போகமாட்டேன். எலி பிடிக்கத் தெரியாதவள் என்று தோற்றுப் போனால்கூடப் பரவாயில்லை, இப்படிப் போகமாட்டேன்.

அண்ணி

*

மே 17

அண்ணிக்கு,

நலம் விசாரிக்க எனக்கு அருகதை இல்லை. இருந்தாலும் முட்டி எப்படி இருக்கிறது?

நான்தான்.

மருந்துக்கடைப் போனிலிருந்து மூன்று தடவை தங்கள் பையனோடு பேசினேன். முதல் தடவை அவன், "அத்தை, அம்மா எங்கிட்ட எல்லாத்தையும் மறைப்பாங்க, நீங்க சொல்லுங்க" என்றான். நன்றாக இருக்கிறாள் என்று சொல்லியிருக்கலாம். "நாப்பது எலி இருக்கும்டா" என்றேன். வாயில் வந்த எண். இரண்டாம் தடவை சிவப்பு வால் கதையைச் சொன்னேன். நீங்கள் எனக்குச் சிரிக்க எழுதியதை, அவன் பயப்படும்படி சொன்னேன். மூன்றாம் தடவைதான் சுவர். "அவங்க நிலைமை சரியில்லைடா, உடனே போய்ப் பாரு, தனியா விடாதே" என்றேன். பொய் என்று தெரிந்தே சொன்னேன்.

ஏன் என்று கேட்பீர்கள். பொறாமை அண்ணி. அதற்கு வேறு பெயர் இல்லை.

கூடத்தில் காற்றுக்காகப் படுக்கவில்லை. இந்த வீட்டில் எனக்கென்று ஓர் அறை கிடையாது. என் துணிகள் சோபாவுக்கு அடியில் ஒரு பெட்டியில் இருக்கின்றன. எனக்கு வரும் கடிதத்தைப் பிரித்துப் படித்துவிட்டுத்தான் கொடுப்பார்கள், ஒளிவு மறைவு எதற்கு என்பார்கள். தபால்காரர் மாடி ஏறமாட்டார் என்றது புளுகு. இவர்கள் கெட்டவர்கள் இல்லை. ஒரு சுடுசொல் சொன்னதில்லை. "அத்தை, நீங்க சும்மா உட்காருங்க" என்று மருமகள் தினமும் அன்பாகச் சொல்கிறாள். மூன்று வருஷமாகச் சும்மா உட்கார்ந்திருக்கிறேன்.

அந்த நேரத்தில் உங்கள் கடிதங்கள் வந்தன. சிமெண்டு குழைக்கிறீர்கள், எலியைத் துரத்துகிறீர்கள், செத்த புருஷனோடு சண்டை போடுகிறீர்கள். எனக்குச் சண்டை போட ஓர் எலிகூட இல்லை. பிள்ளை கூப்பிட்டான், நான் வீட்டை விட்டுக்கொடுத்துவிட்டு வந்தேன். இவள் மட்டும் எப்படி மாட்டேன் என்று சொல்கிறாள்? இவளும் வரட்டும், ஒரு சோபாவில் உட்காரட்டும், அப்போது தெரியும் என்று நினைத்தேன். சட்டைக் கையைப் பற்றி எழுதியிருந்தீர்களே, அதைப் படித்து நானும் அழுதேன். அழுது முடித்து எழுந்துபோய்தான் போன் செய்தேன்.

முப்பது வருஷம் எத்தனையோ பொய்ச் சாட்சியை டைப் அடித்திருக்கிறேன். இவ்வளவு கேவலமானதை அடித்ததில்லை.

மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டால் கொடுத்துவிடுவீர்களோ என்று பயமாக இருக்கிறது.

பாப்பா

*

மே 21

பாப்பா,

முட்டி நன்றாக இருக்கிறது. உன் கடிதத்தை நின்றுகொண்டே படித்தேன்.

அடிப்பாவி! எனக்குப் பைத்தியப் பட்டம் கட்டிவிட்டாயே. பெற்ற பிள்ளை என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதானே. அவன் முகத்தை நினைத்தால் இப்போதும் நெஞ்சு எரிகிறது. உன்னைத் திட்டி மூன்று தாள் எழுதினேன், மூன்றையும் கிழித்தேன். நீ எதிரில் இல்லாமல் திட்டுவதில் ஒரு ருசியும் இல்லை. உன் அண்ணனையாவது சுவரில் வைத்துத் திட்டலாம், நீ உயிரோடு இருக்கிறாயே.

அதனால் கிளம்பி வா. நேரில் வந்து வாங்கிக்கொள்.

இரக்கப்பட்டுக் கூப்பிடுகிறேன் என்று நினைத்துக்கொள்ளாதே. உன் மேல் எனக்கு இரக்கமே இல்லை, கோபம்தான் இருக்கிறது. மூன்று வருஷம் சோபாவில் படுத்துக்கொண்டு, காற்று வருகிறது காற்று வருகிறது என்று எனக்கு எழுதினாயே, அந்தக் கோபம். நான் என்ன செத்தா போய்விட்டேன்? ஒரு வார்த்தை எழுதியிருந்தால் அடுத்த வண்டியில் வந்து நின்றிருக்க மாட்டேனா?

உன் அண்ணனின் சாமான் அறையைக் காலி செய்துவிட்டேன். ஒரு கட்டில், ஒரு ஜன்னல். சின்ன அறைதான். கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டிருக்கிறேன், நானே திருகினது. நீ போட்டுக்கொண்டால் தட்டாமல் வரமாட்டேன். சமையலறையில் எந்தப் பாத்திரத்தையும் எங்கே வேண்டுமானாலும் வை, நான் கத்துவேன், நீயும் திருப்பிக் கத்து.

காலை ஆறரை வண்டியைப் பிடி. சக்கரத்துக்கு மேல் இருக்கும் சீட்டில் உட்காராதே, இடுப்பு போய்விடும். டிரைவருக்குப் பின்னால் மூன்றாவது வரிசை, ஜன்னலோரம். யாராவது தள்ளி உட்காரச் சொன்னால் தள்ளாதே.

பிள்ளையிடம் என்ன சொல்வது என்று தயங்குவாய். அண்ணி கூப்பிட்டாள் என்று சொல். அதற்கு மேல் கேட்டால் அதையே மறுபடி சொல்.

எலி பதினேழு இறங்கிவிட்டது. தரையில் மாவு தூவி வைத்திருக்கிறேன், மூன்று நாளாக ஒரு கால் தடமும் இல்லை. குளியலறை ஓட்டையை நாளைக்கு மறுபடி பூசப்போகிறேன். இந்த வீட்டில் நாளைக்கு என்றால் நாளைக்கு.

அண்ணி

*

ஜூன் 1

அன்புள்ள அண்ணன் மகனுக்கு,

அத்தை ஆசீர்வாதத்துடன் எழுதுவது. உன் அம்மாவும் நானும் சுகம். நீயும் உன் மனைவியும் சுகமாக இருக்க வேண்டும்.

நேற்று அவசர வேலை, காரில் வர முடியவில்லை என்று சொல்லி அனுப்பியிருந்தாய். மாலை வரை வாசலில் காத்திருந்தோம். இன்று காலை, நீ பேசி வைத்த ஆள் அளவு நாடாவோடு வந்து சேர்ந்தார். நீ வராத குறை தீர, அவரையே சாட்சியாக வைத்துக்கொண்டோம். உன் அம்மா அவரை ஒவ்வொரு அறையாக அழைத்துப்போனாள். கட்டிலுக்கு அடியில் குனியவைத்தாள், தொட்டிக்குக் கீழே டார்ச் அடித்துப் பார்க்கவைத்தாள், பரணில் ஏற்றினாள். நல்ல மனுஷர், ஏறினார். மேற்படி வீட்டில் எலியோ, எலிப் புழுக்கையோ, எலி வர வழியோ காணவில்லை என்று நான் எழுதி நீட்டினேன், அவர் கையெழுத்துப் போட்டார். அதை இத்துடன் இணைத்திருக்கிறேன். பிறகு அவரைச் சாப்பிட வைத்து, வேறு வீடு பார்த்துக்கொள்ளும்படி சொல்லி அனுப்பிவிட்டோம்.

இனி நான் சொல்ல வேண்டியது. போனில் உன்னிடம் நான் சொன்னது பொய். நாற்பது எலி இருந்ததில்லை. உன் அம்மாவின் புத்தியில் ஒரு குறையும் இல்லை, உன்னையும் என்னையும் ஒன்றாகக் கட்டினாலும் அவளுக்கு ஈடாகாது. அவள் உன் அப்பாவோடு சண்டை போட்டாள், அவ்வளவுதான். அதைக் கெட்ட எண்ணத்தோடு உன்னிடம் திரித்துச் சொன்னவள் நான். உன் கண்ணில் தண்ணீர் வரவைத்தவளும் நான். டாக்டரிடம் வாங்கி வைத்த நேரத்தை ரத்து செய்துவிடு, அல்லது என்னைக் கூட்டிப்போய்க் காட்டு.

நான் போன செவ்வாய்க்கிழமை வந்தேன். பஸ்ஸில் ஓர் அம்மாள் தள்ளி உட்காரச் சொன்னார், தள்ளவில்லை. என் பிள்ளை, "என்னம்மா குறை வச்சோம்?" என்று கேட்டான். குறை ஒன்றும் இல்லை என்றேன். நிஜமாகவே அவன் வைத்த குறை ஒன்றும் இல்லை, நான்தான் என்னை அங்கே வைத்துவிட்டேன். அண்ணி கூப்பிட்டாள் என்றேன். நாலு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

உன் அம்மா எனக்கு இறக்க வேண்டிய திட்டை வாசலிலேயே இறக்கிவிட்டாள். தெருவே கேட்டது. பையை வாங்கி உள்ளே வைத்துவிட்டு மறுபடியும் திட்டினாள். இன்னும் என்னை முழுதாக மன்னித்ததாகத் தெரியவில்லை. நானும் அவசரப்படுத்தவில்லை. இன்று காலை ஒரு பாத்திரத்தை இடம் மாற்றி வைத்தேன், கத்தினாள். நான் திருப்பிக் கத்தினேன். எனக்கு இவ்வளவு பெரிய குரல் இருப்பது எனக்கே தெரியாது.

நீ கையில் அடித்துக் கொடுத்த வாக்கின்படி இந்தப் பேச்சை இனி எடுக்கக் கூடாது. மேற்படி வீட்டில் தற்போது குடியிருப்போர் இருவர். காலி செய்யும் உத்தேசம் இருவருக்கும் இல்லை.

நீங்கள் எப்போது வேண்டுமானாலும் வரலாம், வர வேண்டும். ஆனால் போன தடவை மாதிரி சொல்லாமல் வந்து நிற்காதே. நாங்கள் வீட்டில் இல்லாமல் வெளியே போயிருப்போம்.

இப்படிக்கு,
அத்தை